இஞ்சின் பக்கவாட்டில் ஒரு தகர மூடி

நம் சங்கத்தில் இன்னும் பிரீமியர் பத்மினியோ அம்பாசடரோ வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குர்லாவில் பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. மும்பையில் ஓடிய கடைசி பத்மினி டாக்சிக்கும் 2023 அக்டோபரில் விடை கொடுத்தாயிற்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் நின்றது 2014-இல். ஆனாலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் பழைய சொசைட்டி காம்பவுண்டுகளில் சற்று எட்டிப் பார்த்தால், உறை போர்த்திய ஒரு பழைய கார் ஓரமாக நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அது அப்பா வாங்கிய கார். அந்தக் காலத்தில் முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. விற்க மனசு வராது. ஓட்டவும் நேரம் இருக்காது. இந்தக் கட்டுரை முக்கியமாக அத்தகைய அன்பர்களுக்கு. கார் இல்லாதவர்களும் படிக்கலாம், நஷ்டமில்லை.

இஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, வட்ட வட்டமாகச் சில மூடிகள் அடித்துப் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரூ கிடையாது, போல்ட் கிடையாது. துளைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தகரக் கிண்ணம், அவ்வளவுதான். புத்தகத்தில் இதற்குக் கோர் பிளக் என்று பெயர். வெளிநாட்டுக்காரர்கள் ஃப்ரீஸ் பிளக் என்பார்கள். நம் ஊர் கராஜ்களில் டம்மி பிளக், வாட்டர் பிளக், வெல்ச் பிளக் என்று ஆளுக்கொரு பெயர். கடையில் கேட்கும்போது எந்தப் பெயர் சொன்னாலும் கொடுப்பார்கள். அளவைச் சரியாகச் சொல்வதுதான் முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மூடி அங்கே ஏன் இருக்கிறது? ஃப்ரீஸ் என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் பலரும், தண்ணீர் உறைந்தால் இஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்த ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இது வார்ப்பு வேலையின் மிச்சம். கொழுக்கட்டை செய்யத் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மாவு மேலே, பூரணம் உள்ளே. வெந்த பிறகு பூரணத்தை மட்டும் வெளியே எடுத்து, சொப்பை மாத்திரம் வெறுமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? மாவில் எங்கேயாவது ஓட்டை இருந்தாக வேண்டும். இஞ்சின் பிளாக்கும் அதே கதைதான். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓட வெற்றிடம் தேவை. அந்த வெற்றிடத்தின் உருவத்தில் மணலைப் பிசைந்து இறுக்கிக் 'கோர்' செய்து, அச்சுக்குள் தொங்காமல் நிற்கும்படி பக்கவாட்டில் முட்டுக் கொடுத்து வைத்து, அதைச் சுற்றி 1400 டிகிரி செல்சியஸை ஒட்டிய வார்ப்பிரும்புக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மணலை உடைத்து உதிர்த்து வெளியே கொட்ட வேண்டும். கோருக்கு முட்டுக் கொடுத்த இடங்கள்தான் மணல் வெளியேறும் வழியும். வேலை முடிந்ததும் அந்தத் துளைகளைக் கடைந்து சுத்தமாக்கி மூடிவிடுகிறார்கள். கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஃபவுண்டரிகளில் இதை நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

உறைபனி விஷயமும் முழுப்பொய் இல்லை. தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அந்த நெருக்கலில் சில சமயம் இந்த மூடி பிதுங்கி வெளியே வந்து பிளாக் தப்பித்துவிடும். சில சமயம் மூடி அசையாமல் இருக்க, பிளாக் விரிசல் விடும். ஆகவே இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று நம்ப முடியாது. மும்பைவாசிக்கு அந்தக் கவலையும் இல்லை.

உண்மையான பாதுகாப்பு மூடி எப்படி இருக்கும் என்பதை ரயில்வேக்காரன் அறிவான். நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களின் தொடக்கத்தில் நீராவி இஞ்சின்கள் நிறையவே ஓடிக்கொண்டிருந்தன. நெருப்புப் பெட்டியின் கூரையில் 'லெட் பிளக்' என்று ஒன்று திருகியிருப்பார்கள். நடுவில் ஈயம் நிரப்பிய உலோகத் திருகு. பாய்லரில் தண்ணீர் மட்டம் குறைந்து கூரைத் தகடு வெளியே தெரிய ஆரம்பித்தால், அந்த ஈயம் உருகி நீராவி நெருப்பின் மேல் சீறிப் பாயும். டிரைவரும் ஃபயர்மேனும் உடனே நெருப்பை இறக்கிவிடுவார்கள். அது வேண்டுமென்றே உயிர்விடுவதற்காக வைத்த மூடி. காரில் இருப்பது அப்படியல்ல; இருந்து காக்க வேண்டிய மூடி. அது உயிரை விட்டால் எந்தச் சீறலும் கேட்காது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகும், ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும்.

ஏன் ஓட்டை விழுகிறது? பிளாக்கின் சுவர் தடிமனான வார்ப்பிரும்பு. அதன்மேல் துரு படிந்தாலும் பல்லாண்டு தாங்கும். மூடியோ ஒரு மில்லிமீட்டரோ சற்றுக் கூடவோ தடிமன் உள்ள ஸ்டீல் தகடு. இரண்டும் ஒரே தண்ணீரில்தான் நனைகின்றன. முதலில் தீர்ந்துபோவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. துரு உள்பக்கத்திலிருந்து தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். அதிலும், தண்ணீரில் மிதக்கும் துருத்தூளும் சேறும் ஜாக்கெட்டின் அடியில் போய்ப் படிவதால், மூடியின் கீழ்ப்பாதி அந்தச் சேற்றில் புதைந்து முதலில் அரித்துப்போகிறது. ஓடாமல் நிற்கும் காரில் இது இன்னும் மோசம். தண்ணீர் அசையாது, சேறு கலையாது. "காரை நான் வெளியே எடுப்பதே இல்லை, பின் எப்படி இஞ்சின் கெடும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டீசல் ஷெட்டில் பணிபுரிந்த வருஷங்களில், தண்ணீரை நாங்கள் எண்ணெய்க்குச் சமமாக மதித்தோம். டபிள்யூ.டி.எம்.-2 இஞ்சினின் குளிர்நீர் ஆயிரம் லிட்டருக்கு மேல். அதில் துருதடுப்பு மருந்து கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. குறிப்பிட்ட கால அளவில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி, மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இஞ்சினை வெளியே விடுவார்கள். ஆனால் அதே ஊழியர்களில் சிலர் மாலையில் வீட்டுக்குப் போய், தங்கள் சொந்த காரின் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்ப்பதையும் பார்த்திருக்கிறேன்! போர்வெல் தண்ணீர் ஊற்றுபவர்கள் துருவோடு உப்பையும் சேர்த்து ஊற்றுகிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவருடைய தகப்பனார் 1980-களில் வாங்கிய பத்மினி. தகப்பனார் காலமான பிறகு இரண்டு வருஷம் காம்பவுண்டிலேயே நின்றது. பிறகு வெளியே எடுத்தால், பத்து கிலோமீட்டருக்குள் ரேடியேட்டர் காலி. பக்கத்து கராஜில் காட்டினார். அவர்கள் ஹோஸ் மாற்றினார்கள், வாட்டர் பம்ப் மாற்றினார்கள், ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் "பிளாக் கிராக்" என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ள ஆளையும் அவர்களே கூட்டி வந்தார்கள். "சார், பிளாக் போயிடுச்சாம். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று சங்கக் கூட்டத்தில் என்னிடம் வருத்தப்பட்டார். விரிசல் விழுந்த இடத்தைக் காட்டினார்களா என்று கேட்டேன். காட்டவில்லை. மறுநாள் காலை ஒரு டார்ச்சும், முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போனேன். ரேடியேட்டர் வாயில் பொருத்திக் கையால் அழுத்தம் ஏற்றும் சோதனைப் பம்ப் ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டோம். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தம் ஏற்றியதும், எளிதில் கண்ணில் படாத ஒரு மூலையிலிருந்த மூடியின் கீழ் விளிம்பில் ஊசிமுனை அளவு நீர் பீய்ச்சியது. அதன் கீழே பிளாக் முழுக்கப் பழுப்பு நிறத்தில் துருக்கோடு. இதுவரை யாரும் குனிந்து பார்க்கவில்லை என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. மூடியின் விலை ஒரு வேளை டிபன் செலவு. அந்தக் காரில்தான் இப்போது அந்த அம்மாள் மாதாமாதம் செம்பூர் முருகன் கோயிலுக்குப் போய் வருகிறார்கள்.

எல்லா ஒழுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தாலோ, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வந்தாலோ, ஹெட் காஸ்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். பத்மினிக்கு அலுமினிய ஹெட் என்பதால் ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலும் அது வளைந்துவிடும். ஆகவே "சொட்டுதானே, கூட ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டால் போச்சு" என்று ஓட்டுவது மூடியோடு முடிய வேண்டிய செலவை ஹெட் வரைக்கும் கொண்டுபோகும்.

ரேடியேட்டரில் மஞ்சள் பொடி போடும் வைத்தியம் நம் நாடு முழுக்கப் பிரசித்தம். லாரி டிரைவர்கள் நடு வழியில் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டுமே. ஆனால் ஓட்டையை அடைக்கும் மஞ்சள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். எம்-சீல் பூசுவதும் அப்படித்தான், ஒரு வாரத்துக்கு வரும். துரு உள்ளே இருக்கும்போது வெளியே பூசி என்ன பிரயோஜனம்?

இனி மாற்றும் வேலை. கைத்திறன் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யலாம். மெக்கானிக்கிடம் கொடுப்பவர்களும் பக்கத்தில் நின்று பார்க்க இது உதவும். இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். காருக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். ரேடியேட்டர் குழாயைத் திறந்தால் மட்டும் போதாது. பிளாக்கிலும் தனியாக ஒரு வடிகுழாய் இருக்கும், அதையும் திறக்க வேண்டும். திறந்தும் தண்ணீர் வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது என்று அர்த்தம், கம்பியால் குத்திவிடுங்கள். மூடியை எட்டுவதற்கு மேனிபோல்டையோ ஸ்டார்ட்டரையோ கழற்ற நேரலாம். இந்த வேலையில் பாதி நேரம் இதற்கே போகும்.

கிண்ண வடிவ மூடியை எடுக்க ஒரு சுலபமான வழி உண்டு. மழுங்கிய பஞ்சை மூடியின் அடிப்பாகத்தில் ஒரு ஓரமாக வைத்துச் சுத்தியால் பக்குவமாகத் தட்டினால், அந்த ஓரம் உள்ளே போகும், எதிர் ஓரம் வெளியே திரும்பும். ஓட்டல் தண்ணீர்ப் பானையின் தட்டு ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புமே, அதைப்போல. எழும்பிய ஓரத்தை இடுக்கியால் பிடித்து நெம்பி இழுத்துவிடலாம். நடுவில் வைத்து ஓங்கி அடிக்கவே கூடாது. மூடிக்குச் சற்றுப் பின்னாலேயே சிலிண்டர் சுவர் இருக்கிறது. அதில் பஞ்ச் பாய்ந்தால், இல்லாத கிராக்கை நாமே உண்டாக்கியதாகும். மூடி முழுதாக உள்ளே விழுந்துவிட்டாலும், கிடக்கட்டும் என்று விடாமல் எடுத்துவிட வேண்டும்; அது தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும். துருவேறி நொறுங்கும் மூடியாக இருந்தால் சிறு துளை போட்டு, அதில் ஒரு ஸ்க்ரூவை ஏற்றி, ஸ்க்ரூவைப் பிடித்து இழுப்பது உத்தமம். டிரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் உள்ளே அதிகம் போகாது.

மூடியை எடுத்த கையோடு புதியதை அடித்துவிடுவதுதான் நம் கராஜ்களின் வழக்கம். இங்கேதான் எனக்கு அவர்களோடு சண்டை. நீராவி ஷெட்டில் வாஷவுட் என்று ஒரு நாள் இருக்கும். இஞ்சினை ஆறப்போட்டு, பாய்லரைச் சுற்றியுள்ள மூடிகளையெல்லாம் திறந்து, உள்ளே கம்பி விட்டுச் சுரண்டி, அழுத்தமான தண்ணீர் பாய்ச்சி, படிவு முழுவதும் வெளியே வந்த பிறகுதான் மூடுவார்கள். கார் இஞ்சினில் அந்த வாய்ப்பு எப்போதோ ஒரு முறைதான் கிடைக்கிறது. திறந்த துளைகளின் வழியே வளையும் கம்பியை விட்டுச் சேற்றைக் கலைத்து, ஹோஸ் வைத்துத் தெளிந்த நீர் வரும் வரை அடியுங்கள். வெளியே வருவதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். செம்மண் குழைத்த மாதிரி இருக்கும். கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் அதிகம். ஒரு மூடி ஒழுகினால் எட்டக்கூடிய எல்லா மூடிகளையும் சேர்த்து மாற்றச் சொல்வதும் இதனால்தான். எல்லாம் ஒரே வயது, ஒரே தண்ணீரைக் குடித்தவை.

துளையின் ஓரத்தை எமரி பேப்பரால் சுத்தம் செய்து, நீளவாக்கில் கீறல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளையை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அந்த அளவுக்குரிய மூடியை வாங்குங்கள். மூடி இம்மி அளவு பெரிதாக இருந்தால்தான் இறுகும். கையால் அமுக்கியே உள்ளே போகிறது என்றால் அது உங்கள் மூடியல்ல. கிடைத்தால் பித்தளை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூட. ஆனால் அதில் இரும்புத்துரு பிடிக்காது. பித்தளை கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். சரியான கூலண்ட் ஊற்றினால் ஸ்டீலும் நன்றாகவே உழைக்கும்.

துளையின் ஓரத்தில் மெல்லிசாக சீலண்ட் தடவி, கிண்ணத்தின் திறந்த வாய் வெளியே பார்க்கும்படி வையுங்கள். கிண்ணத்துக்குள் சற்றுத் தளர்வாக நுழையும் ஒரு சாக்கெட்டை வைத்து, அடித்தட்டில் படும்படி, கோணாமல் நேராகத் தட்டிக்கொண்டே போங்கள். விளிம்பின் மேல் அடி விழக்கூடாது. துளையைப் பிடித்துக்கொள்வதே அந்த விளிம்புதான். விளிம்பு துளை வாயின் சரிவுக்குச் சற்று உள்ளே போனதும் நிறுத்திவிடுங்கள். கிண்ணமாக இல்லாமல் குவிந்த தட்டாக இருக்கும் வெல்ச் வகைக்கு முறை வேறு. அதன் குவிவு வெளியே பார்க்க வேண்டும். நடுவில் உருண்டை முனையுள்ள கம்பியை வைத்து ஒரு நல்ல அடி அடித்தால் தட்டு தட்டையாகி, விளிம்பு விரிந்து துளையைக் கவ்விக்கொள்ளும். தட்டையானதும் நிறுத்த வேண்டும். ஆர்வக்கோளாறில் இன்னும் இரண்டு அடி வைத்தால் தட்டு உட்குழிந்து, விரிந்த விளிம்பு மறுபடி சுருங்கிவிடும்.

பல இஞ்சின்களில் பின்புறம், ஃப்ளைவீலுக்கு மறைவில் ஒரு மூடி ஒளிந்திருக்கும். அதற்காகக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அது ஒழுகாத வரை தொந்தரவு செய்யாதீர்கள். என்றைக்காவது கிளட்ச் வேலைக்கு இறக்கும்போது நினைவாக மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மெக்கானிக் சொல்லமாட்டார்.

நிரப்புவதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் நல்ல கூலண்ட்டும் சரிபாதி. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே, குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழிகள் அடங்கும் வரை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்பி மூடுங்கள். அதன் பிறகு சூடான இஞ்சினில் அந்த மூடியின் பக்கம் கையே போகக்கூடாது. இரவு இஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், காலையில் காப்பிக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். பிறகு மாதம் இரண்டு முறையாவது இஞ்சின் முழுச்சூடு ஏறும் அளவுக்கு ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் உறுமவிடுவது கணக்கில் சேராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். பழைய கூலண்ட்டைக் காம்பவுண்டுக் குழியிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். பெரும்பாலான கூலண்ட்டில் இருக்கும் எத்திலின் கிளைகால் இனிப்பானது, பார்க்கவும் சர்பத் மாதிரி பச்சையோ சிவப்போ இருக்கும். சொசைட்டி நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தை குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. ஒருவேளை யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல், கேனையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வடித்ததை வாய் திறந்த வாளியில் வைக்காமல், குளிர்பான பாட்டிலிலும் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் பிடித்துப் பெயர் எழுதி, பழைய எண்ணெயை முறைப்படி எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.